நாகர்கோவிலின் மேட்டுத் தெருக்களில் வாடகை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தொன்பது ஆண்டுகளில் நாகர்கோவிலில் நான்கு வாடகை வீடுகளில் குடியிருந்திருக்கிறேன். வேலைக்காக இங்கே மாறி வருகிறவர்கள், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காகக் குடும்பத்தோடு வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வீடு கட்டும்வரை தங்க இடம் தேடுகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்தப் பகுதியை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது?

மணிக்கூண்டு நிற்கும் மணிமேடையை நடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வேப்பமூடு, கோர்ட் ரோடு, கேப் ரோடு, ராமவர்மபுரம், வெட்டூர்ணிமடம், வடசேரி எனப் பிரியும் சாலைகளும், அவற்றின் இடையே ஏறியும் இறங்கியும் செல்லும் குறுக்குத் தெருக்களும்தான் பழைய நகரம். திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் வளர்ந்து, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டில் சேர்ந்து, 2019-இல் மாநகராட்சியான ஊர் இது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நாகர்கோவிலைச் சமதளம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மணிமேடைப் பக்கத்திலிருந்து கோட்டாறு, மீனாட்சிபுரம், ஒழுகினசேரி நோக்கி ஒருமுறை நடந்து பார்த்தால், நிலம் பழையாற்றை நோக்கிச் சரிவதைக் கால்களே சொல்லிவிடும்.

பழைய வீடுகள் நிறைந்த இந்தப் பகுதியைத் தேடி இளம் குடும்பங்கள் ஏன் வருகின்றன?

நடந்து போகும் தூரத்தில் வாழ்க்கை முழுவதும் கிடைப்பதே காரணம். பள்ளிகள், ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, நீதிமன்றம், செம்மாங்குடி சாலையின் துணிக்கடைகள், வடசேரி கனகமூலம் சந்தை, இரண்டு பேருந்து நிலையங்கள் ஆகியவை எல்லாம் அருகருகே இருக்கின்றன. மதிலுக்கு மேலே பலா, மா மரங்கள் தலைநீட்டும் பழைய தெருக்களில் இப்போது காபிக் கடைகளும் உடற்பயிற்சிக் கூடங்களும் வந்துவிட்டன. பழைய வீட்டின் முன்பக்கத்தைக் கடையாக்கி, பின்பக்கத்தையோ மாடியையோ வாடகைக்கு விடுவது வழக்கமாகியிருக்கிறது. விருப்பம் கூடினால் வாடகையும் கூடும். ஆனாலும், வாடகை கூடுதல் என்பதை விட, எந்த மட்டத்தில் இருக்கும் வீட்டுக்கு அந்த வாடகையைக் கொடுக்கிறோம் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. மேடும் பள்ளமும்தான் இந்த ஊரில் தண்ணீரையும், சுவரில் ஏறும் ஈரமான ஓதத்தையும், நடையையும் தீர்மானிக்கின்றன.

இடத்தின் பெயரை வைத்து மேடா பள்ளமா என்று அறிய முடியுமா?

பெருமளவுக்கு முடியும். இந்த மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் நிலத்தைப் பார்த்து வைக்கப்பட்டவை. ‘விளை’ என்று முடியும் பெயர் தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) நின்ற மேட்டு நிலத்தைக் குறிக்கும். ‘பொற்றை’ என்றால் குன்று. ‘ஏலா’ என்றால் வயல்வெளி. அதாவது, தண்ணீர் தங்குவதற்கென்றே அமைந்த தாழ்நிலம். ‘குளம்’, ‘பள்ளம்’, ‘குழி’ ஆகியவற்றை விளக்கத் தேவையில்லை. ஒரு மனைப்பிரிவுக்கு இன்று ஏதோ நகர் என்றோ கார்டன் என்றோ பெயரிட்டிருக்கலாம். அது அமைவதற்கு முன்பு அந்த இடத்தை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று அருகிலுள்ள தேநீர்க் கடையில் கேளுங்கள். விளை என்று பதில் வந்தால் நிம்மதியாக மேலே பேசலாம். ஏலா என்று வந்தால், 2021 நவம்பர் மழையில் இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதே உங்களுடைய அடுத்த கேள்வியாக இருக்கட்டும்.

சாலை மட்டத்துக்குக் கீழே உள்ள தளத்துக்கு வாடகை குறைவாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

சரிவில் கட்டிய வீடுகளில் இது மிகுதி. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடி வீடு போலத் தோன்றும். பக்கவாட்டுப் படிகளில் இறங்கினால் கீழே இன்னொரு தளம் இருக்கும். அந்தத் தளத்தின் பின்சுவர், பல வீடுகளில், சாலையைத் தாங்கி நிற்கும் மண்ணை ஒட்டியே நிற்கிறது. கோடையில் இதைப் போலக் குளிர்ச்சியான வீடு கிடைக்காது. வாடகையும் குறைவு என்பதால் மனம் உடனே சாய்ந்துவிடும்.

என்னுடைய இரண்டாவது வீடு அப்படிப்பட்டது. ஏப்ரல் மாதத்தில் பார்த்தோம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே மண்பானைக்குள் நுழைந்தது போல இருந்தது. சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். எதிர் வீட்டுப் பெரியவர் மட்டும் என்னை நிறுத்தி, “மக்களே, ஐப்பசி மழை ஒண்ணு பெய்யட்டும், அப்பம் தெரியும்” என்றார். அதை நான் பொருட்படுத்தவில்லை. ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை, படுக்கையறையின் பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு நிறம் மாறி, கை வைத்தால் ஈரமாக ஒட்டியது. மரப்பீரோவைச் சற்று முன்னே இழுத்தபோது, அதன் பின்பலகை முழுவதும் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. அடித்தட்டில் இருந்த என் தாயாரின் பட்டுப்புடவையின் மடிப்புகளிலும் அது ஏறியிருந்தது. வீட்டு உரிமையாளரை அழைத்துக் காட்டியபோது, மலைப்பாங்கான இடத்தில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் மகளுக்கு இழுப்பு தொடங்கிய பிறகு, தை மாதத்தில் அந்த வீட்டை விட்டோம்.

அதனால் என் பதில் இது. பின்சுவருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளியும், அந்த இடைவெளியில் நீர் ஓடிப் போகும் ஓடையும், மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவரில் நீர் வெளியேறும் துளைகளும் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். அந்தத் துளைகள் மழைக்காலத்தில் ஒழுகுவது நல்ல அறிகுறி, ஏனென்றால் மண்ணுக்குள் இருக்கும் நீர் அங்கே வெளியேறுகிறது, உங்கள் சுவருக்கு வருவதில்லை. இடைவெளியே இல்லாமல் வீட்டுச் சுவரே மண்ணைத் தாங்குகிறது என்றால், வாடகை பாதியாக இருந்தாலும் வேண்டாம். கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ வீட்டில் இருந்தால் இதில் யோசிக்கவே இடமில்லை.

வெள்ளை அடித்த சுவரில் ஓதம் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெள்ளை மேற்பரப்பைத்தான் மறைக்கும். தரையை ஒட்டிய பகுதியில் வெண்மையான தூள் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சுவருக்குள் ஏறிய நீர் காயும்போது விட்டுச்செல்லும் உப்பு அது. கதவு நிலைகளின் அடிப்பகுதியை நகத்தால் அழுத்துங்கள். மரம் இளகியிருந்தால் ஈரம் பல ஆண்டுகளாக இருக்கிறது. முழங்கால் உயரம் வரை மட்டும் புதிய பூச்சு இருந்தாலோ, ஒரு சுவருக்கு மட்டும் ஓடு பதித்திருந்தாலோ, காரணம் கேளுங்கள். அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

உரிமையாளர் சம்மதித்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு முழம் அகலமுள்ள கண்ணாடித்தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கத்தில், அதாவது சுவரை நோக்கிய பக்கத்தில், நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையை நோக்கிய பக்கத்தில் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எந்த மாதத்தில் வீடு பார்ப்பது நல்லது?

மழைக்காலத்தில். இந்த மாவட்டத்துக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் உண்டு; ஆகவே ஆண்டில் பல மாதங்கள் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பார்ப்பதே சிறந்தது. தென்மேற்குக் காலத்தில் மேடான இடங்களில் மேல்காற்று பலமாக வீசும். மேற்குச் சன்னல்களுக்கு மேலே போதிய அகலத்தில் மழைத்தடுப்பு இல்லாவிட்டால் சாரல் படுக்கை வரை வரும். பள்ளிகள் திறக்கும் காலத்தை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில்தான் நிறைய வீடுகள் காலியாகும் என்பது உண்மை. அப்போது பார்க்க நேர்ந்தால், அக்கம்பக்கத்தார் சொல்வதை என்னைப் போல அலட்சியம் செய்யாதீர்கள்.

தண்ணீர் நிலைமை எப்படி?

ஓதத்துக்கு அடுத்து நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். நகரத்துக்கு நெடுங்காலமாகக் குடிநீர் தருவது முக்கடல் அணை. மழை பொய்த்த கோடையில் அதன் நீர்மட்டம் இறங்கினால், குழாயில் நீர் வரும் நாட்களுக்கு இடையிலான இடைவெளி நீளும். அத்துடன், ஒரே குழாய்வழியில் வரும் நீர் பள்ளத்து வீடுகளில் வேகமாகவும் மேட்டு வீடுகளில் மெதுவாகவும் விழும். ஆகவே, தண்ணீர் வருகிறதா என்று கேட்டால் போதாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அது நேராகத் தரைக்கடித் தொட்டிக்குள் விழுகிறதா அல்லது குடத்தில் பிடித்து ஊற்ற வேண்டுமா, தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு, அதை எத்தனை குடும்பங்கள் பகிர்கின்றன என்பவற்றையும் கேளுங்கள்.

பழைய வீடுகளில் கிணறு உண்டு. அது பெரிய செல்வம். மாசி, பங்குனியில் அதில் எவ்வளவு நீர் நிற்கும் என்று கேளுங்கள். ஐப்பசியில் எட்டிப் பார்த்தால் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இங்கே பெரும்பாலான பழைய வீடுகளின் கழிவு செப்டிக் டேங்குக்குத்தான் போகிறது. சரிவில், உங்கள் கிணற்றை விட மேல் மட்டத்தில் பக்கத்து வீட்டாரின் டேங்க் இருக்கலாம். இரண்டு மனைகளுக்கும் நடுவே மதில் இருப்பதால் இது கண்ணில் படாது; நிலத்தடி நீருக்கோ மதில் ஒரு தடையே அல்ல. குடியேறும் முன் அந்த நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. எதுவாயினும் குடிப்பதற்குக் காய்ச்சியே பயன்படுத்துங்கள்.

வயதான பெற்றோரோடு வருகிறோம். படிகள் பெரிய இடைஞ்சலாகுமா?

ஆகும். வீடு தேடும்போது உள்ளே இருக்கும் படிகளை மட்டும் எண்ணுகிறோம். சாலையிலிருந்து வாசல் வரை உள்ள படிகளையும், வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை உள்ள ஏற்றத்தையும் எண்ணுவதில்லை. எரிவாயு உருளையை நினைத்துப் பாருங்கள். வாயு 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. இருபது படி இறங்க வேண்டிய வீடு என்றால் கொண்டுவருகிறவர் மனம் வைத்தால்தான் அது உள்ளே வரும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எதுவரை வரும், அங்கிருந்து ஒருவரைத் தூக்கிச் செல்ல வழி அகலமா என்பதையும் பார்த்துவையுங்கள்.

வெளிப்படிகளில் கைப்பிடி இல்லாவிட்டால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அமைத்துத் தரச் சொல்லுங்கள். ஆடி, ஐப்பசி மாதங்களில் கருங்கல் படியில் பாசி பிடிக்கும். இளைஞர்களே வழுக்கி விழுவதுண்டு. வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா?

இரு சக்கர வண்டிக்குக் கிடைக்கும்; காருக்குப் பழைய தெருக்களில் அரிது. சரிவான நுழைவு உள்ள வீடுகளில் உங்கள் வண்டியையே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஏனெனில் தாழ்வான கார்களின் அடிப்பாகம் மேட்டின் விளிம்பில் தட்டும்.

பழைய ஓட்டு வீடு ஒன்று அழகாக இருக்கிறது. வாழ முடியுமா?

எனக்கு இந்த வீடுகள் மீது பற்று அதிகம். இப்போது நான் இருப்பதும் ஓட்டு வீடுதான். ஓட்டுக்குக் கீழே பலகை அடித்த மர மச்சும், அகன்ற திண்ணையும், காற்று புகும் உயர்ந்த கூரையும் சேர்ந்து, மின்விசிறி இல்லாமலே பகலைக் கழிக்க விடுகின்றன. இப்படிப்பட்ட வீடுகள் ஆண்டுதோறும் இடிக்கப்பட்டுக் குறைந்துவருவது வேதனை தருகிறது. வாடகைக்கு ஆள் இருந்தால் உரிமையாளர் அவற்றைப் பேணுவார் என்பதாலேயே, முடிந்தவர்கள் எடுங்கள் என்று சொல்வேன்.

ஆனால், தெரிந்து எடுக்க வேண்டும். மழைக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை ஆள் ஏறி, நகர்ந்த ஓடுகளைச் சீராக்கி, உடைந்தவற்றை மாற்ற வேண்டும். இரண்டு கூரைகள் சேரும் மூலைதான் முதலில் ஒழுகும். அங்குள்ள தகரத்தைத் துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். ஓடுகளைத் தாங்கும் கழுக்கோல்களையும் உத்தரங்களையும் சிதல் (கரையான்) அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தால் ஓசையே காட்டிக்கொடுக்கும். மச்சின் மேலே மரப்பட்டி (மரநாய்) குடியிருந்தால் இரவில் யாரோ ஓடுவது போலச் சத்தம் கேட்கும். அதன் சிறுநீர்க் கறை மச்சுப் பலகையில் தெரியும். அது பாதுகாக்கப்பட்ட காட்டுயிர் என்பதால் கொல்லக் கூடாது. அது நுழையும் வழிகளை வலையடித்து மூடலாம். 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் அடித்தபோது, வீடுகளின் மேல் மரம் விழுந்த சேதமே பல இடங்களில் பெரிதாக இருந்தது. கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கும் பலாக் கிளைகளையும் தென்னை மட்டைகளையும் வெட்டிச் சீராக்குவது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மின் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவார்கள்?

வீட்டுக்கென்று தனி மின் இணைப்பு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூட, யூனிட் விலையும் படிப்படியாகக் கூடும். ஒரே இணைப்பில் இரண்டு குடும்பங்கள் தலா 250 யூனிட் பயன்படுத்தினால், கணக்கில் அது 500 யூனிட்டாகச் சேரும். தனித்தனி இணைப்பில் கிடைத்திருக்க வேண்டிய 200 இலவச யூனிட்டுக்குப் பதிலாக 100 மட்டுமே கிடைக்கும். மீதி நுகர்வும் விலை கூடிய படிக்கு ஏறிவிடும். ஒரு வீட்டை மாடி, கீழ்த்தளம் என்று பிரித்து வாடகைக்கு விடும் இடங்களில் இதுவே ஓயாத சச்சரவு. தனி இணைப்பு இல்லாமல், உங்கள் பயன்பாட்டைத் தனியே அளக்கும் சப் மீட்டர் மட்டும் இருந்தால், யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும், கிணற்று மோட்டாரின் மின்சாரம் யார் கணக்கில் சேரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எவ்வளவு முன்பணம் கேட்பார்கள்? ஒத்திக்கு எடுப்பது நல்லதா?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு வகையில் உடன்பட்டிருந்தால் அன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. மாத வாடகை 10,000 ரூபாய் என்றால் முன்பணம் 30,000 ரூபாய். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்; ‘வேறு வகையில் உடன்பட்டிருந்தால்’ என்ற சொற்கள் அவர்களுக்கு இடம் கொடுக்கின்றன. ஆகவே கையெழுத்திடும் முன்பே பேசிக் குறைப்பதுதான் வழி.

ஒத்தி என்பது பெருந்தொகை ஒன்றை உரிமையாளரிடம் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுவது. கையில் சேமிப்பு உள்ளவர்களுக்கு இது கவர்ச்சியாகத் தோன்றும். உரிமையாளர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்களுக்குத் திருப்பித் தர முடியும் என்ற நிலையில் இருப்பது மிகச் சாதாரணம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, வீட்டின் மேல் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவு செய்ய உரிமையாளர் மறுத்தால் விலகிவிடுங்கள்.

ஒப்பந்தம் எழுதுவது அவசியமா?

அவசியம் மட்டுமல்ல, சட்டப்படி கட்டாயம். பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வதோடு முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். மேற்சொன்ன சட்டத்தின்படி, எத்தனை மாதத்துக்கு எழுதினாலும், அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவெண் பெற வேண்டும். இதை இணையம் வழியாகவே செய்யலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் அந்த அதிகாரியாக இருப்பார். பதிவெண் இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பின்னர் வாடகை நீதிமன்றத்தை அணுகுவது இரு தரப்புக்கும் கடினம் என்பதால், உரிமையாளரிடம் இதை அவருடைய நன்மைக்காகவும் எடுத்துச் சொல்லலாம்.

ஒப்பந்தத்தில் மறவாமல் சேர்க்க வேண்டியவை, இந்த ஊரைப் பொறுத்தவரை, கிணற்றையும் தொட்டியையும் யார் யார் பயன்படுத்தலாம், தடுப்புச் சுவரும் ஓடையும் யார் பராமரிப்பு, மழைக்காலத்தில் ஓதமோ ஒழுக்கோ தெரிந்தால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், சரிசெய்யாவிட்டால் குடியிருப்பவர் முன்னறிவிப்புக் காலத்துக்குக் காத்திராமல் காலி செய்யலாமா என்பவைதாம். கடைசி வரியை என்னுடைய இரண்டாவது வீட்டில் எழுதாமல் விட்டதால், மூன்று மாதம் கூடுதலாக அந்த ஈரத்தில் இருக்க நேர்ந்தது.

மாதந்தோறும் வாடகைக்கு ரசீது கேளுங்கள். தருவது உரிமையாளரின் கடமை. பணத்தைக் கையில் கொடுப்பதை விட வங்கி வழியாகச் செலுத்துவது நல்லது. வருமான வரியில் வீட்டு வாடகைப்படிக் கழிவு கோருபவர்கள், ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆதார் நகல் கொடுக்கும்போது, இன்ன வீட்டின் வாடகை ஒப்பந்தத்துக்காக மட்டும் என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

பழுது பார்ப்பது யார் செலவு?

கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள், வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், குழாய்களையும் மின்கம்பிகளையும் தேவைப்படும்போது மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. தண்ணீர்த் திருகு, சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி, அடைத்துக்கொண்ட சாக்கடை போன்ற அன்றாடத் தேய்மானங்கள் குடியிருப்பவர் பொறுப்பு. இருவரும் வேறு வகையில் எழுதிக்கொண்டால் அது செல்லும். பின்சுவரில் ஏறும் ஓதம் அமைப்பு சார்ந்த பழுதே. ‘நீங்கள் சன்னலைத் திறந்து வைப்பதில்லை’ என்ற பதில் வந்தால், மேலே சொன்ன கண்ணாடித்தாள் சோதனையைச் செய்து படமெடுத்துக் காட்டுங்கள்.

உரிமையாளர் நினைத்தபோதெல்லாம் வீட்டுக்குள் வரலாமா? தண்ணீரை நிறுத்தலாமா?

கூடாது. ஆய்வுக்கோ பழுது பார்க்கவோ வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாடகை பாக்கி இருந்தாலும்கூட, தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வாடகையை உயர்த்துவது ஒப்பந்தத்தில் எழுதியபடியே நடக்க வேண்டும். அதில் ஒன்றும் எழுதவில்லை என்றால் மூன்று மாதம் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்.

“எந்த ஊரு, யாருக்க மக்க, எந்தச் சபை” என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தருகிறது. மறைக்காமல் பதில் சொல்கிறேன். கல்வியில் முன்னணியில் நிற்கும் மாவட்டம் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் வீட்டு வாசலில் நின்று சாதியையும் மதத்தையும் விசாரிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தனியாக வேலை பார்க்கும் பெண்களிடம் இன்னும் கூடுதலாகக் கேட்கிறார்கள். வாடகை தவறாமல் வருமா, வீடு சுத்தமாக இருக்குமா என்பதைத் தவிர ஓர் உரிமையாளர் அறிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. வேலை செய்யும் இடத்தையும் முந்தைய வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, அதற்கு மேல் பேச விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்ன பிறகும் மனமுவந்து சாவியைக் கொடுத்த உரிமையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமிசம் சமைக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனை இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தரகர் வழியாகப் போவதா, நேராகத் தேடுவதா?

இரண்டும் நடக்கும். தரகர்கள் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார்கள். வீட்டைப் பார்ப்பதற்கே பணம் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். மேட்டுத் தெருக்களின் நல்ல வீடுகள் பலகை மாட்டாமலே கைமாறுகின்றன என்பது என் அனுபவம். மாலையில் நடந்து சென்று, தேய்ப்புக்கடைக்காரரிடமும் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடமும் சொல்லி வையுங்கள்.

திருவிழாக் காலத்தில் சத்தமும் நெரிசலும் இருக்குமா?

இருக்கும். தை மாதம் நாகராஜா கோவில் திருவிழா, டிசம்பர் 3 அன்று நிறைவுறும் கோட்டாறு சவேரியார் ஆலயத் திருவிழா, கிறிஸ்துமஸ் இரவுகள் ஆகியவற்றில் ஒலிபெருக்கி ஒலிக்கும். சில தெருக்களில் வண்டி போகாது. பழைய நகரத்தில் வாழ்வதன் ஒரு பகுதி அது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் மட்டும், கோவில்களையும் ஆலயங்களையும் நேராக ஒட்டிய வீட்டைத் தவிர்த்து இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள்.

காலி செய்யும்போது முன்பணத்தைக் குறையாமல் திரும்பப் பெற என்ன செய்ய வேண்டும்?

இதற்கான வேலையைக் குடியேறும் நாளிலேயே தொடங்க வேண்டும். பெட்டிகளை உள்ளே கொண்டுவருவதற்கு முன், ஒவ்வொரு அறையின் நான்கு சுவர்களையும், தரையையும், மச்சையும், கழிவறைப் பொருத்துகளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அன்றே உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவையுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு பின்சுவரை மீண்டும் ஒருமுறை படமெடுத்து அனுப்புங்கள். அந்தக் கறை நீங்கள் உண்டாக்கியது அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தங்கள் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். பிடித்தம் இருந்தால் கணக்கை எழுத்தில் கேளுங்கள். மின் அளவீட்டைக் குறித்து, கிணற்று மூடியின் சாவியையும் மோட்டார் அறைச் சாவியையும் சேர்த்து எண்ணி ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு படியேறுங்கள்.